ஏழாம் மெஷினுக்கு வைத்த சாமந்தி

மதியச் சாப்பாடு முடிந்ததும் இங்கே லைட்டை அணைத்துவிடுவார்கள். மெஷின் ஷாப் முழுவதும் இருட்டு. மெஷின் எல்லாம் நிற்கும். ஆளுக்கொரு குட்டித் தலையணை வைத்திருக்கிறார்கள், கரடி படம், பூனை படம் போட்டது. சிலர் மேசைமேல் தலையை வைத்துத் தூங்குவார்கள். சிலர் தரையில் அட்டையை விரித்துத் தூங்குவார்கள். மேனேஜரும் தூங்குவார். வாசலில் செக்யூரிட்டியும் நாற்காலியில் சாய்ந்து தூங்குவார். நான் சீனாவுக்கு வந்த முதல் வாரம் அந்தக் கூட்டத்தில் விழித்திருந்தவன் நான் ஒருத்தன்தான். மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். கால் வலித்தது. உட்கார பயம்.

பயத்துக்குக் காரணம் ஊரில் நான் வேலை பார்க்கும் ஒரகடம். அங்கே வேலை நேரத்தில் கண்ணை மூடினால் மெமோ. எங்கள் லைனில் ஒருவர் தொடர்ந்து ஓ.டி. பார்த்த களைப்பில் பெட்டிமேல் சாய்ந்தார். செக்யூரிட்டி போனில் படம் பிடித்து மேலே அனுப்பிவிட்டார். மறுநாள் அவர் கேட்டுக்கு வெளியே நின்றார். அதைப் பார்த்தவன் நான். அதனால் இங்கே லைட்டை அணைத்தது எனக்கு வைக்கும் பரீட்சை என்றே நினைத்தேன். இந்தியாக்காரன் தூங்குகிறானா பார்ப்போம் என்று. கேமரா எங்கே இருக்கிறது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழாம் மெஷினில் வேலை செய்யும் லியூ என்கிற அம்மா எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி, தரையில் போட்டார். கையால் தட்டிக் காட்டினார். படுத்தேன். கண்ணை மூடவில்லை. அவர் போய்த் தன் தலையணையைக் கட்டிக்கொண்டு உடனே தூங்கிவிட்டார். சீனாக்காரர்களில் என்னிடம் முதலில் பேசியவர் அவர்தான். வாயைத் திறக்காமலே பேசினார்.

ஊரில் இருப்பவர்கள் போனில் கேட்பது ஒன்றுதான். "அங்க இன்னாதான் துன்ற? பாம்புலாம் துன்றாங்களாமே?" என்னைப் போல வெளியே வந்து கிடப்பவர்கள் அப்படிக் கேட்பதில்லை. துபாயில் இருக்கும் என் சகலை, "பேச்சுத்துணைக்கு ஆள் கீதா?" என்று கேட்பார். இரண்டு வகை ஆட்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. ஒன்பதாவதோடு நின்றவன்.

மண்ணூரில் பிறந்தேன். அங்கேயே ஒரு ஷெட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் வேலை பழகினேன். பிறகு ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் இந்தக் கம்பெனி வந்தது. மோல்ட் மாட்டுகிற வேலை கிடைத்தது. இரும்பு அச்சைச் சங்கிலியில் தூக்கி, மெஷினுக்குள் சரியாக உட்காரவைத்து, போல்ட் முடுக்கிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகிக் குடித்தனம் குன்றத்தூரில். மனைவி கஸ்தூரி அங்கே கோயில் மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கிறாள். கம்பெனி சீனாக்காரர்களுடையது. மெஷின் இங்கிருந்துதான் வரும். புது மெஷின்களைப் பழக எங்கள் ஆட்களை அனுப்பினார்கள். படித்த பிள்ளைகள் பழகிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மெஷின் எல்லாம் ஓட்டிப் பார்த்துக் கப்பல் ஏறும்வரை ஒரு ஆள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். என்னைச் சொன்னார்கள். பாஷை தெரியாதே என்றேன். எங்கள் சூப்பர்வைசர் பாஸ்கர் சிரித்தார். "யோவ், நீ இங்கயே வாயத் தொறக்க மாட்ட. உனுக்கு எதுக்குய்யா பாஷ?"

அது உண்மைதான். ஆனால் பேசாமல் இருப்பது வேறு. பேச ஆள் இல்லாமல் இருப்பது வேறு. இங்கே வந்துதான் தெரிந்தது.

இந்த ஊரைப் பார்த்தால் ஒரகடம் போலத்தான் இருக்கும். அதே நீலத் தகரக் கூரை. அதே கன்டெய்னர் லாரி. ஷிப்ட் விட்டால் அதே மாதிரி சட்டை போட்ட கூட்டம் ரோட்டில் வழியும். ஒரகடத்தில் அந்தக் கூட்டம் டீக்கடையில் நிற்கும். திருநெல்வேலிப் பிள்ளைகள் ஒரு பக்கம், நம்ம ஆட்கள் ஒரு பக்கம், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கிண்டல் பண்ணிக்கொண்டு. இங்கே கூட்டம் நேராக ரூமுக்குப் போய்விடும். என் ரூமில் நான்கு கட்டில். கூட வந்தவர்கள் போன பிறகு மூன்று காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறேன். துணி காயவைக்க நல்ல வசதி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கழியும். திங்கட்கிழமை காலை தொண்டையைச் செருமிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று.

லியூவும் வெளியூர்க்காரர். ஹுனான் என்கிற மலைப்பக்கம். இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அவருக்கும் புரியாது. மார்க்கெட்டில் அவரை விட்டுவிட்டு அவர்கள் சிரித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் ஊரில் மிளகாய் இல்லாமல் சாப்பாடு இறங்காதாம். இந்த ஊர்க்காரர்களுக்குக் காரமே ஆகாது. கேன்டீன் சாப்பாடு எங்கள் இருவருக்கும்தான் சப்பென்று இருந்தது. அவர் பையில் ஒரு பாட்டில், உப்பில் ஊறிய சிவப்பு மிளகாய். ஒரு நாள் நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தார். என் சோற்றில் ஒரு கரண்டி போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தில்தான். அன்றிலிருந்து ஒரே மேசை. ஏழுமலை என்கிற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. 'மலை'யில் இருந்து 'மா'வை மட்டும் எடுத்து, பழகியவர்களைக் கூப்பிடும் 'லாவ்' சேர்த்து, 'லாவ் மா' ஆக்கிவிட்டார். நான் அவரை 'லியூ ஜியே' என்றேன். ஜியே என்றால் அக்கா. மற்றப் பேச்செல்லாம் போன் வழியாக. அவர் சீனத்தில் சொல்வார், போன் தமிழில் எழுதிக் காட்டும். நல்ல தமிழ். ஆனால் கோர்ட்டில் வாசிப்பது போல இருக்கும்.

புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் கவுச்சி கிடையாது. கேன்டீனில் கவுச்சி இல்லாதது வெறும் சோறு ஒன்றுதான். லியூ என் தட்டைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். சாமிக்காக ஒரு மாதம் கறி இல்லை என்றேன். போன் அதை என்னவாக மாற்றியதோ, மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். மறுநாள் ஒரு டப்பா கொண்டுவந்தார். கத்தரிக்காய் வதக்கல். மேலே பொடிப்பொடியாக ஏதோ கிடந்தது. இது என்ன என்று விரலால் காட்டினேன். போன் சொன்னது: "இறைச்சி இல்லை. சுவைக்காகச் சிறிது பன்றி மட்டும்." டப்பாவைத் தள்ளிவைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. அடுத்த நாள் காய்ந்த இறால் போட்ட கீரை. "இது கடலில் இருந்து வந்தது. இறைச்சி அல்ல." அதற்கு அடுத்த நாள் முட்டை. முட்டையும் ஆகாது என்றதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். போனில் ஒரு வரிதான் வந்தது: "உங்கள் கடவுள் மிகவும் கடினமானவர்." ஆனாலும் விடவில்லை. அதன்பிறகு தினமும் எனக்கென்று தனியாக டோஃபு என்கிற சோயாக் கட்டியில் பூண்டு, மிளகாய் மட்டும் போட்டுக் கொண்டுவந்தார். சட்டியை நன்றாகக் கழுவித்தான் செய்தேன் என்று கையால் தேய்த்துக் காட்டுவார்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவருடைய அம்மாவைப் பற்றித் தெரிந்தது. ஊரில் தனியாகப் படுக்கையில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள். லியூ தினமும் சாப்பிட்டவுடன் போன் போடுவார். அம்மாவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது. திரையில் பாதி நேரம் வீட்டுக் கூரைதான் தெரியும். லியூ கூரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். ஊருக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. லீவு கேட்டார். ஷிப்மென்ட் முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை என்று ஷிப்ட் லீடர் ஜாங் சொல்லிவிட்டார். ஊரே அடைக்கும் அக்டோபர் விடுமுறையிலும் எங்கள் லைன் ஓடியது. "அம்மா காத்திருப்பார்" என்று போன் எழுதிக் காட்டியது. எழுதிக் காட்டும்போது லியூ என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்கு நான் என்ன செய்வது? வாங்கிச் சாப்பிட்டே பழகியவன் இல்லை நான். அப்போது ஆயுத பூஜை வந்தது. கஸ்தூரி என் பையில் குங்குமம், சந்தனம் பொட்டலம் போட்டு அனுப்பியிருந்தாள். ஏழாம் மெஷினுக்குப் பூஜை போடலாம் என்று முடிவு செய்தேன். மெஷின் கையைக் கடித்துவிடக்கூடாது. நம்மூரில் பொட்டும் பூவும் வைப்பது அதற்குத்தானே. லியூ தினமும் அதற்குள் கையை விடுகிறார். சூடான பொருளை எடுத்துப் பிசிறு வெட்டுகிறார். அவர் கைக்கு ஒன்றும் வரக்கூடாது.

முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் பூ தேடிப் போனேன். ரோஜா, என்னென்னவோ பெயர் தெரியாத பூ. கடைசிக் கடையில் சாமந்தி. மஞ்சள் சாமந்தி, குவியலாக. குன்றத்தூரில் கஸ்தூரியின் கூடையைப் பார்த்தது போல இருந்தது. நின்றுவிட்டேன். கை நிறைய அள்ளிக் காட்டினேன். கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளையும் கொஞ்சம் சேர்த்துவைத்தார். பேரம் பேசப் போனேன், அவராகவே குறைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் கொடுத்து, தலையைக் குனிந்து ஏதோ சொன்னார். போனை நீட்டினேன். "உங்கள் துக்கத்தைக் கட்டுப்படுத்தி மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று வந்தது. போன் எப்போதும் இப்படித்தான் உளறும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெளிநாட்டுக்காரனுக்கு நல்ல மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ரூமில் உட்கார்ந்து பூ கட்டினேன். கஸ்தூரி அளவுக்கு நெருக்கமாக வராது. காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். மெஷினைத் துடைத்தேன். சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே ஒரு எலுமிச்சம்பழம். இங்கே ஒவ்வொரு மெஷின் தலையிலும் அதை ஓட்டுபவரின் படம் ஒட்டியிருக்கும். மாலை அந்தப் படத்தின்மேல் படக்கூடாதென்று பார்த்துப் பார்த்துக் கட்டினேன். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை ஆகாது. அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. படத்துக்கு இரண்டு பக்கமும் சரம் தொங்கியது. நடுவில் லியூ சிரித்துக்கொண்டிருந்தார். தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

லியூ வந்தார். ஒரு கையில் எனக்கு டப்பா. மெஷினைப் பார்த்து நின்றார். பூவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முகத்தில் ரத்தம் இல்லை. போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டார். யாரும் எடுக்கவில்லை. திரும்பப் போட்டார். எடுக்கவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்தார். ஏப்ரனைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். யாரிடமும் சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்தார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜாங் ஓடிவந்தார். பின்னால் கூட்டம். யாரும் மெஷின் கிட்டே வரவில்லை. ஜாங் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "யார் இறந்தார்?"

"யாரும் சாவலையே" என்றேன்.

"பிறகு ஏன் கல்லறைப் பூ?"

அப்போதுதான் தெரிந்தது. இங்கே அந்தப் பூவைச் செத்தவர்களுக்கு மட்டும்தான் வைப்பார்கள். மஞ்சளும் வெள்ளையும் சாமந்தி, நடுவில் படம். நான் ஒன்றும் விடாமல் செய்திருக்கிறேன். உடம்பு முடியாத தாயை வைத்துக்கொண்டு லீவு கிடைக்காமல் இருப்பவர் கண்ணில் அதைக் காட்டியிருக்கிறேன்.

ஜாங் கையுறை போட்டுக்கொண்டு பூவை எடுத்துப் பையில் போட்டார். ஏழாம் மெஷினில் நிற்க யாரும் வரவில்லை. நானே நின்றேன். மதியம் லியூவின் டப்பாவைத் திறந்தேன். டோஃபு. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். எனக்கென்று தனிச் சட்டியில் செய்தது. டப்பாவைக் கழுவி ரூமில் வைத்தேன். மேசையில் என்னோடு யாரும் உட்காரவில்லை. கோபம் இல்லை அவர்களுக்கு. பயம். லியூவின் போன் அணைந்து கிடந்தது. மலைக்குள் போனால் டவர் கிடைக்காது என்று ஜாங் சொன்னார். அவர் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அதுதான் என்னை அரித்தது. நான் வைத்த பூவுக்கும் அந்தத் தாயின் உயிருக்கும் சம்பந்தம் இல்லை என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் மணிக்கொரு தடவை லியூவுக்குப் போன் போட்டுப் பார்த்தேன்.

கஸ்தூரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சும்மா இருப்பாளா?

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற! பூ விக்கிறவள வூட்ல வெச்சிக்கினு, ஒரு வார்த்த கேக்காம எவளுக்கோ பூ வெச்சியா நீ?"

"அவங்களுக்கு இல்லடி. மெஷினுக்கு."

"மெஷினுக்குத்தான். மெஷினு உனுக்கு டோஃபு ஆக்கிக் குடுத்துச்சா?" கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இன்னொண்ணு கேளு. நம்ம ஊர்ல மட்டும் இன்னா? சாவு வூட்டுக்கும் அதே சாமந்திதான. கோயிலுக்குக் கேக்குறவனுக்கும் சாவுக்குக் கேக்குறவனுக்கும் நான் ஒரே கூடையிலருந்துதான் அள்ளிக் குடுக்குறேன். எதுக்குன்னு கேக்கக்கூட மாட்டேன். மூஞ்சப் பாத்தாலே தெரியும். அந்தம்மா வந்தா கையெடுத்துக் கும்புடு. வாயால சொல்லு. உம்முன்னு நிக்காத."

மறுநாளும் ஏழாம் மெஷினில் நின்று பிசிறு வெட்டிக்கொண்டிருந்தபோது லின் ஞாபகத்துக்கு வந்தார். லின் சீன இன்ஜினியர். வல்லம் வடகால் கம்பெனி தொடங்கிய வருடம் மெஷின் நிறுவிக் கொடுக்க வந்தவர். நம் ஊரில் தனியாக இருந்தார். சித்திரை வெயிலில் டீக்கடையில் வெந்நீர் கேட்பார். கடைக்காரர், "சாருக்குக் குளுருதாம்பா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு ஊற்றிக் கொடுப்பார். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மெஷின் எல்லாவற்றுக்கும் சாமந்தி மாலை போட்டிருந்தோம். லின் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். பாஸ்கரிடம் மெல்லக் கேட்டார். "ஹூ?"

எந்தச் சாமி என்று கேட்கிறார் என்று நினைத்து பாஸ்கர், "சரஸ்வதி சார்" என்றார்.

லின் தலையைக் குனிந்துகொண்டார். "ஹவ் ஓல்ட்?"

பின்னால் நின்ற பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவால் வாயை மூடினார்கள். "அய்ய, சாமி வயசு கேக்குறாருடி!"

பாஸ்கர் கையை அகலமாக விரித்தார். "வெரி ஓல்ட் சார்! வெரி வெரி ஓல்ட்!"

லின் முகம் தெளிந்தது. "குட்" என்றார். "லாங் லைஃப். குட்." மெஷின் முன்னால் போய் மூன்று தடவை குனிந்தார். சார் நம்ம சாமியைக் கும்பிடுகிறார் என்று எல்லோரும் படம் பிடித்தோம். ஒரு வெள்ளைக் கவரைப் பூஜைத் தட்டில் வைத்தார். சாவு வீட்டுக்குக் கொடுக்கும் பணம் என்று தெரியாமல், தட்சணை என்று எடுத்துக்கொண்டோம். பொரி கொடுத்தோம். துக்க வீட்டில் சாப்பிடுவது போல மெதுவாகச் சாப்பிட்டார். வெளியே பூசணிக்காய் உடைத்து, குங்குமம் சிதறி, எல்லோரும் கூச்சல் போட்டதும் சுவரோடு ஒட்டி நின்றார். சரஸ்வதி என்று ஒரு கிழவி அந்த மெஷினில் வேலை பார்த்துச் செத்துப்போனாள் என்று இன்றுவரை அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவு வயதான பொம்பளையை ஏன் வேலைக்கு வைத்தார்கள் என்றும் நினைத்திருப்பார். மெஷினில் நின்றபடியே சிரித்துவிட்டேன். அடுத்த மெஷின்காரர் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்.

அடுத்த வாரம் லியூ வந்தார். பையோடு நேராக மெஷினுக்கு வந்தார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. மதியம் வேறு மேசையில் போய் உட்கார்ந்தார். நான் கழுவி வைத்த டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் பார்த்தார்கள். டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "அக்கா, தெரியாம பண்ணிட்டேன். அம்மா எப்படி இருக்காங்க?" தமிழில்தான் சொன்னேன். போனை எடுக்கத் தோன்றவில்லை.

அவர் போனை எடுத்தார். நீளமாகப் பேசினார். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. போனைத் திருப்பிக் காட்டினார். "அம்மா நலம். பக்கத்து வீட்டுப் பெண் போனை மின்சாரத்தில் இணைக்க மறந்துவிட்டாள். நான் கதவைத் திறந்தபோது அம்மா என்னைத் திட்டினார். வேலையை விட்டு ஏன் வந்தாய் என்றார். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கிளம்பும் நாள் வரை விடவில்லை. கழிப்பறைக்குச் செல்லவும் விடவில்லை."

நான் உட்கார்ந்தேன். அவர் இன்னொரு தடவை பேசினார். "உங்கள் பூக்கள் என்னை வீட்டுக்கு அனுப்பின. என் சம்பளம் வெட்டப்பட்டது. இரண்டுக்கும் நீங்கள் பொறுப்பு."

கோபமா, கிண்டலா தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி, நடந்ததைச் சொல்வது. நம்மூரில் அது மெஷினுக்கு வைக்கும் பூ என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். லின் கதையைச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. போன் பாதியில் திணறியது. அதனால் எழுந்து நடித்தே காட்டினேன். தொப்பியைக் கழற்றினேன். குனிந்தேன். "ஹவ் ஓல்ட்?" பாஸ்கர் போலக் கையை விரித்தேன். "வெரி வெரி ஓல்ட்!" லியூ வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். பிறகு மேசையை அடித்துச் சிரித்தார். கேன்டீன் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவரே எழுந்து அவர்களுக்குச் சொன்னார். ஜாங்கும் சிரித்தார். ஒருவர் வந்து என் தோளைத் தட்டி, "ஹவ் ஓல்ட்?" என்றார். அன்றிலிருந்து ஷாப்பில் என்னைப் பார்த்தால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பதிலும் எல்லோருக்கும் தெரியும்.

சிரித்து முடித்த பிறகு லியூ கேட்டார். "உங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு என்ன பூ?" அதே பூ என்றேன். கஸ்தூரி சொன்ன ஒரே கூடையைச் சொன்னேன். அவர் தன் தட்டில் இருந்த மிளகாயை என் தட்டுக்குத் தள்ளினார்.

லின் கதையை அவர் தன் அம்மாவுக்கும் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு, பூ வைத்த இந்தியனைப் பார்க்க வேண்டுமாம். கஸ்தூரிக்கோ, அந்த அம்மாவிடம் தானே மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். "நீ கேட்டது கேட்டா மாரியா இருக்கும்? நான் பேசுறேன், போனப் போடு." ஞாயிற்றுக்கிழமை மதியம் லியூவின் ரூமுக்குக் கீழே இருக்கும் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தோம். இங்கே எல்லோரும் பேசும் ஆப் இந்தியாவில் வராது. நம்மூர் ஆப் இங்கே வராது. கம்பெனி கொடுத்த இந்திய சிம் இருப்பதால் என் போனில் மட்டும் கஸ்தூரி வருவாள். ஒரு போனில் இருந்து இன்னொன்றுக்கு வழி இல்லை. லியூ கொஞ்சம் யோசித்தார். சோயா சாஸ் பாட்டிலில் என் போனைச் சாய்த்துவைத்தார். குச்சி போட்டுவைத்திருக்கும் டம்ளரில் தன் போனைச் சாய்த்தார். இரண்டையும் முகத்துக்கு முகம் திருப்பிவிட்டார்.

"யம்மா, நல்லாகீறீங்களா?" கஸ்தூரியின் குரல் கடை முழுவதும் கேட்டது. அங்கே அப்போது காலை. மலையடிவாரத்துக் கூட்டம் அவளுக்குப் பின்னால் சத்தம் போட்டது. "எங்கூட்டுக்காரு தெரியாம வெச்சிட்டாரு. மனசுல வெச்சிக்காதீங்க. அவருக்கு மெஷினத் தவுர ஒண்ணும் தெரியாது."

அந்த அம்மா பதிலுக்கு நீளமாக என்னவோ சொன்னார். மெல்லிய, கரகரத்த குரல். நடுவில் சிரித்தார், இருமினார்.

"ஆமாம்மா, ஆமாம்மா. அதான் நானும் சொன்னேன்" என்றாள் கஸ்தூரி. யாருக்கோ பதில் வேறு சொன்னாள். "இரு பெரிம்மா, சீனாலருந்து பேசுறாங்க. பூ எங்க ஓடியா போது?" பிறகு குரலைத் தணித்தாள். "துன்னீங்களா? கஞ்சி மட்டும் குடிச்சா தெம்பு வராதும்மா."

அந்த அம்மா எதையோ காட்டினார் போல. கஸ்தூரி, "அய்யே, கோழியா? எத்தினி?" என்றாள். தன் கடையைக் காட்டினாள் போல. அந்த அம்மா, "ஓ... ஓ..." என்றார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குப் புரியவில்லை. நிறுத்தவும் இல்லை. எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் இருந்த இடத்தில் இருந்து முகம் தெரியவில்லை. போன்களின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. என்னுடையதில் ஒரு கீறல். லியூவுடையதில் பாதி கிழிந்த பூனை ஸ்டிக்கர். அந்தப் பக்கம் குன்றத்தூர், இந்தப் பக்கம் ஹுனான். நடுவில் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. கையை நீட்டித் திருப்பினால் என் வீட்டைப் பார்க்கலாம். லியூவும் அதையேதான் நினைத்திருப்பார், அவர் கை ஒரு தடவை மேசைமேல் நகர்ந்து நின்றது. இருவரும் போனைத் தொடவில்லை.